சல்லடையும் கையும்

எங்கள் ஊராகிய உளுந்தூர்பேட்டை தன் பெயரிலேயே ஒரு தானியத்தைத் தாங்கி நிற்கிறது. சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் பெருவழியினின்றும் சேலம் நோக்கிய பெருவழி பிரியும் இடம் இது. ஊருக்கு அண்மையிலுள்ள உளுந்தாண்டார்கோயிலைப் பற்றிக் கதை ஒன்று வழங்கி வருகிறது. மிளகு மூட்டைகளுடன் வந்த வணிகன் ஒருவன், ‘மூட்டையில் இருப்பது என்ன?’ என்று வினவியவரிடம் ‘உளுந்து’ என்று பொய்யுரைத்தான் என்றும், பின்னர் அவிழ்த்துப் பார்த்தபோது மிளகு முழுவதும் உளுந்தாகவே மாறியிருந்தது என்றும் கூறுவர். கதையின் சமயப் பொருள் எதுவாயினும் ஆகுக. வணிக உலகிற்கு அது ஒரு வினாவை விட்டுச் செல்கிறது. மூட்டையைப் பற்றிச் சொல்லப்படும் சொல்லும் மூட்டைக்குள் கிடக்கும் பொருளும் ஒன்றுதானா என்பதே அவ்வினா.

இவ்வினாவை இன்று பங்குச் சந்தையை நோக்கியும், அச்சந்தையில் நமக்கு வழிகாட்ட முன்வந்திருக்கும் செயற்கை நுண்ணறிவை நோக்கியும் கேட்க வேண்டியவர்களாக நாம் இருக்கிறோம். தமிழ்த்துறை மலரில் பங்குச் சந்தைக்கு என்ன வேலை என்று எண்ணுவோர் இருக்கக்கூடும். அண்மையில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

ஒரு மாணவரும் ஒரு பட்டியலும்

இறுதியாண்டு பயிலும் மாணவர் ஒருவர், வகுப்பு முடிந்தபின் தம் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். அவருடைய தந்தையார் எங்கள் ஊரில் தானிய மண்டி நடத்துபவர். மகளைச் செவிலியர் படிப்பில் சேர்ப்பதற்கென்று அவர் ஓர் இலட்சம் ரூபாய் சேர்த்து வைத்திருந்தார். அத்தொகையை இரண்டே ஆண்டுகளில் பெருக்கித் தருவதாக மகன் வாக்களித்திருந்தார். அவ்வாக்கிற்கு ஆதாரமாக அவர் காட்டியது செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்று தந்த பட்டியல். ‘கடன் குறைந்த, நல்ல இலாபம் தரக்கூடிய, ஹலாலான பத்துப் பங்குகளைக் கூறு’ என்று அவர் தட்டச்சு செய்திருக்கிறார். பத்து நொடிகளில் பத்துப் பெயர்களும், ஒவ்வொன்றிற்கும் கடன் விகிதமும், இலாப விகிதமும், தேர்ந்தெடுத்த காரணமும் அழகிய அட்டவணையாக வந்து விழுந்திருக்கின்றன.

நான் பொருளியல் வல்லுநன் அல்லேன், தமிழ் கற்பிப்பவன். எனினும், ஒரு நூலுக்கு மேற்கோள் காட்டப்பட்டால் மூலத்தைப் பார்த்தல் வேண்டும் என்பது எங்கள் துறையின் பழக்கம். ‘இந்த எண்கள் எந்த ஆண்டிற்குரியவை, தம்பி?’ என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. இருவரும் நூலகக் கணிப்பொறியின் முன் அமர்ந்து, பங்குச் சந்தையின் இணையதளத்திலிருந்து மூன்று நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளைத் திறந்து பார்த்தோம். முதல் நிறுவனத்தின் எண்கள் சரியாக இருந்தன. இரண்டாம் நிறுவனத்தின் கடன் விகிதம் ஈராண்டுகளுக்கு முந்தையது. அதன்பின் அந்நிறுவனம் புதிய ஆலைக்காகப் பெருங்கடன் வாங்கியிருந்தது. மூன்றாவது நிறுவனத்தின் தொழிலில் குறையொன்றுமில்லை. ஆனால் வட்டிக்குக் கடன் கொடுக்கும் துணை நிறுவனம் ஒன்று அதற்கு இருந்தது. பட்டியல் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. பிழையை எடுத்துக்காட்டியபோது, செயலி பணிவோடு வருத்தம் தெரிவித்து, அதே உறுதியோடு வேறோர் எண்ணைத் தந்தது. அந்த எண்ணும் ஆண்டறிக்கையில் இல்லை.

மாணவர் சற்று நேரம் பேசாமலிருந்தார். பின்னர், ‘அத்தாவும் இதைத்தான் கேட்டார், ஐயா. இந்தச் சரக்கை யாரு தம்பி கை விட்டுப் பார்த்தது என்றார்’ எனக் கூறினார்.

மண்டிக்காரரின் அந்த ஒரு வினாவை விரித்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இயந்திரம் செய்வது என்ன?

சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30 அன்று பொதுமக்கள் பயன்பாட்டிற்கு வந்தது. அதனைத் தொடர்ந்து வேறு பல செயலிகளும் வந்துள்ளன. இவற்றின் அடிப்படை மொழி மாதிரி என்பதாகும். கோடிக்கணக்கான பக்கங்களைப் பயின்று, ஒரு சொல்லை அடுத்து எச்சொல் வரக்கூடும் என்று கணித்து வாக்கியங்களைக் கோத்துத் தருவதே அதன் இயல்பு. அது பேரேட்டைப் புரட்டிக் கணக்கைச் சொல்லும் கணக்குப்பிள்ளை அன்று. உண்மையான எண்ணும் உண்மையைப் போன்ற எண்ணும் அதன் வாயிலிருந்து ஒரே தொனியில்தான் வெளிப்படும். 2023இல் அமெரிக்காவின் நியூயார்க் நகரில், இத்தகைய செயலியை நம்பி, நிகழாத வழக்குகளையெல்லாம் முன்தீர்ப்புகளாக நீதிமன்றத்தில் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. சட்டம் கற்றவர்களே ஏமாந்தனர் என்றால், கல்லூரி மாணவரைக் குறை கூறுவதற்கில்லை.

இன்றைய செயலிகள் இணையத்தில் தேடியும் விடை கூறுகின்றன. எனினும் அவை தேடி எடுக்கும் பக்கம் பழையதாக இருக்கலாம். அப்பங்கை விற்க விரும்பும் ஒருவரே எழுதியதாகவும் இருக்கலாம்.

இதனால் இயந்திரமே வேண்டா என்று கூறுவது என் கருத்தன்று. ஒரு காலத்தில், சிற்றூரில் இருப்பவர் பங்கைப் பற்றி அறிய வேண்டுமாயின் தரகரின் சொல்லையோ வார இதழின் பரிந்துரையையோ நம்பியே ஆக வேண்டியிருந்தது. இன்று மும்பை முதலீட்டாளர் படிக்கும் அதே ஆண்டறிக்கையை உளுந்தூர்பேட்டை மாணவரும் படிக்கலாம். முந்நூறு பக்க ஆங்கில அறிக்கையின் கடினமான பகுதியை எளிய தமிழில் விளக்கும்படி இயந்திரத்தைக் கேட்கவும் செய்யலாம். இது சிறிய நன்மையன்று. இயந்திரத்தைச் சல்லடையாகப் பயன்படுத்துவதில் தவறில்லை. சலித்துவிட்டோம் என்பதாலேயே சரக்கைச் சோதித்துவிட்டோம் என்று எண்ணுவதுதான் தவறு.

சல்லடைக்கு அளவு வேண்டும்

சல்லடையின் கண் எவ்வளவு பெரிது என்று அறியாமல் சலிப்பவர் உண்டோ? ‘ஹலாலான பங்கு’ என்று பொதுவாகக் கேட்பது அத்தகையதே.

மது, சூது, வட்டித் தொழில் முதலியவற்றில் ஈடுபடும் நிறுவனங்களை விலக்குவது முதற்படி. இதில் கருத்து வேறுபாடு மிகுதியாக இல்லை. அடுத்த படி கணக்கைப் பற்றியது. இங்குதான் அளவுகோல்கள் வேறுபடுகின்றன. பஹ்ரைனைத் தலைமையிடமாகக் கொண்ட ‘ஆயோஃபி’ என்னும் அமைப்பின் 21ஆம் நெறிமுறை, வட்டிக் கடன் நிறுவனத்தின் சந்தை மதிப்பில் 30 விழுக்காட்டைக் கடக்கலாகாது என்கிறது. இந்தியாவில் இத்துறையில் ஆலோசனை கூறும் ‘டாசிஸ்’ நிறுவனத்தின் அளவுகோலோ, கடன் மொத்தச் சொத்துகளில் 25 விழுக்காட்டிற்குள் இருத்தல் வேண்டும் என்பது. மும்பைப் பங்குச் சந்தை 2010இல் தொடங்கிய ஷரீஅத் குறியீட்டெண் இந்நிறுவனத்துடன் இணைந்து உருவாக்கப்பட்டதாகும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு நிறுவனத்தின் மொத்தச் சொத்து ரூ.1,000 கோடி, கடன் ரூ.280 கோடி, பங்குகளின் சந்தை மதிப்பு ரூ.2,000 கோடி எனக் கொள்வோம். சொத்தோடு ஒப்பிட்டால் கடன் 28 விழுக்காடு. இரண்டாம் அளவுகோலின்படி இது தேறாது. சந்தை மதிப்போடு ஒப்பிட்டால் 14 விழுக்காடு. முதல் அளவுகோலின்படி இது தாராளமாகத் தேறும். சந்தை சரிந்து அதன் மதிப்பு ரூ.900 கோடியாகக் குறைந்தால் கடன் 31 விழுக்காடு ஆகிவிடும். ஒரு ரூபாய்கூடப் புதிதாகக் கடன் வாங்காமலேயே அந்நிறுவனம் முதல் அளவுகோலிலும் தவறிவிடும். ஆகவே எந்த அளவுகோல், எந்த நாளின் கணக்கு என்று குறிப்பிடாத கேள்விக்கு இயந்திரம் தரும் ‘ஆம்’ என்னும் விடைக்குப் பொருளே இல்லை. அளவுகோலைத் தேர்வது நாம் மதிக்கும் மார்க்க அறிஞரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டியது. அந்த அளவுகோலைக் கொண்டு கணக்கிடுவதை மட்டுமே இயந்திரத்திடம் விடலாம்.

மேலே காய்ந்தது, உள்ளே நனைந்தது

அளவு சரியாக இருந்து, எண்ணும் ஆண்டறிக்கையில் உள்ளபடியே இருந்தால் போதுமா? போதாது என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு.

ஹைதராபாத்தைச் சேர்ந்த சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனம் இந்தியத் தகவல் தொழில்நுட்பத் துறையின் முன்வரிசையில் இருந்தது. நல்லாட்சிக்கான விருதையும் 2008இல் பெற்றது. 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் இராமலிங்க ராஜு எழுதிய கடிதம் நாட்டை உலுக்கியது. கணக்கில் காட்டிய ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் ரூ.5,040 கோடி இல்லாத பணம் என்று அவரே ஒப்புக்கொண்டார். அதற்கு முந்தைய செப்டம்பர் காலாண்டில் செயல்பாட்டு இலாபம் 24 விழுக்காடு என்று காட்டப்பட்டிருந்தது. உண்மையில் அது 3 விழுக்காடே. ‘ரொக்கம் மிகுந்த, இலாப விகிதம் உயர்ந்த நிறுவனம்’ என்று அன்று எவர் சலித்திருந்தாலும் சத்யம் தேர்வில் நின்றிருக்கும். சல்லடையின்மீது பிழையில்லை, பதரே மணியின் உருவத்தில் வந்திருந்தது.

கை விட்டுப் பார்த்தவர்க்கு மட்டும் ஒரு குறி கிடைத்தது. 2008 டிசம்பரில் சத்யத்தின் பெரும்பணத்தைக் கொண்டு, தலைவர் குடும்பத்தோடு தொடர்புடைய மேட்டாஸ் நிறுவனங்களை வாங்க முயன்றனர். முதலீட்டாளர்கள் எதிர்த்தமையால் அம்முயற்சி உடனே கைவிடப்பட்டது. கணினி நிறுவனம் ஏன் கட்டுமான நிறுவனத்தை, அதுவும் உறவினரிடமிருந்து, வாங்க வேண்டும்? இவ்வினா எந்த விகிதத்திலும் அடங்காது. இந்நிகழ்ச்சிக்குப் பின்னரே, நிறுவனத்தை நடத்துவோர் தம் பங்குகளை அடகு வைத்திருந்தால் அதை வெளியிட்டாக வேண்டும் என்று செபி என்னும் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியம் 2009இல் விதித்தது. இன்று அந்த அடகு விவரம் பல பங்குச் சல்லடைகளில் ஒரு கண்ணாக இருக்கிறது. யாரேனும் பணத்தை இழந்த பின்னர்தான் சல்லடையில் புதிய கண் ஒன்று சேர்கிறது. அடுத்த மோசடிக்கான கண் இன்னும் சேரவில்லை என்பதை நாம் மறக்கலாகாது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்றபோது, அதனுள் தம் கையை நுழைத்துப் பார்த்தார்கள் என்றும், விரல்களில் ஈரம் படவே, நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று வணிகரிடம் கேட்டார்கள் என்றும் ஸஹீஹ் முஸ்லிம் நூலில் ஒரு செய்தி பதிவாகியுள்ளது. அது விற்பவருக்கான எச்சரிக்கை என்றே நாம் பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறோம். வாங்குபவருக்கும் அதில் பாடம் இருக்கிறது. குவியலின் மேற்புறம் நன்றாகத்தான் இருந்தது. கையை உள்ளே விட்டபோதுதான் ஈரம் தெரிந்தது. எங்கள் ஊர் மண்டியில் மூட்டைக்குள் குத்தூசி நுழைவதும் இக்காரணம் பற்றியே.

வினாவும் விடையும்

இயந்திரத்திற்கு இடும் கட்டளை வாசகத்தை இன்று ‘பிராம்ப்ட்’ என்கின்றனர். அது மொழியால் ஆவது. ஆதலின் தமிழ்த்துறைக்கு இதில் சொல்ல உரிமை உண்டு. வினா ஆறு வகை என்றும், விடை எட்டு வகை என்றும் நன்னூல் வகுத்திருப்பதை நம் மாணவர்கள் தேர்விற்காக மனப்பாடம் செய்கிறார்கள். அவ்விலக்கணம் இங்கே உதவுகிறது.

பங்கு வாங்கும் பொருட்டுக் கேட்பது கொளல் வினா. தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியா வினா. விடையைச் சரிபார்க்க இயலாத நிலையில் இயந்திரத்திடம் அறியா வினாவைக் கொளல் வினாவாகக் கேட்பதே இடர்ப்பாட்டின் தொடக்கம். முதலில் அறிவினாவைக் கேட்க வேண்டும். நமக்கு விடை தெரிந்த ஒரு நிறுவனத்தைப் பற்றி, ஆண்டறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுப் பார்த்தால், அது எவ்வளவு பிழைபடுகிறது என்பது விளங்கும். ஆசிரியர் மாணவரைச் சோதிப்பது போன்றதே இது.

எட்டு வகை விடைகளுள் ‘வினா எதிர் வினாதல்’ என்பதும் ஒன்று. அனுபவமுள்ள பெரியவரிடம் ‘எதை வாங்கலாம்?’ என்று கேட்டால், ‘இந்தப் பணம் உனக்கு எப்போது வேண்டும்?’ என்றே முதலில் திருப்பிக் கேட்பார். மாணவருக்குப் பட்டியல் தந்த செயலி அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால், இரண்டு ஆண்டுகளில் கல்லூரிக் கட்டணமாகச் செலுத்த வேண்டிய பணத்தைப் பங்கில் இடுவது தகாது என்பது அப்போதே தெரிந்திருக்கும். பத்துப் பெயர்களுக்கும் தேவையே இருந்திராது.

ஆகவே கட்டளை வாசகம் பின்வருமாறு அமைதல் நலம்: ‘விடை கூறுமுன் என் நிலையைப் பற்றி என்னிடம் ஐந்து வினாக்கள் கேள். பங்கின் பெயர் எதுவும் பரிந்துரைக்காதே. நான் இணைத்துள்ள ஆண்டறிக்கையிலிருந்து மட்டும் கடன், மொத்தச் சொத்து, வட்டி வருமானம் ஆகியவற்றை எடுத்து, ஒவ்வொன்றிற்கும் பக்க எண்ணைக் குறிப்பிடு. அறிக்கையில் இல்லாததை இல்லை என்று சொல். இந்நிறுவனத்தை நான் ஏன் வாங்கலாகாது என்பதற்கான காரணங்களை அறிக்கையிலிருந்தே காட்டு.’ விடை வந்தபின் அப்பக்கங்களை நம் கண்ணால் பார்த்தல் வேண்டும். நிகர இலாபம் உயர்ந்துகொண்டே போக, தொழிலிலிருந்து கைக்கு வரும் ரொக்கம் உயரவில்லையெனில் காரணம் தேட வேண்டும். தணிக்கையாளர் குறிப்பையும், உறவினர் நிறுவனங்களுடன் நடந்த கொடுக்கல் வாங்கலையும் படித்தல் வேண்டும். நாம் கை விட்டுப் பார்க்க வேண்டிய இடங்கள் இவை.

யார் பொறுப்பு?

முதலீட்டு ஆலோசகரும் ஆய்வாளரும் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தினால், அதனை வாடிக்கையாளருக்குத் தெரிவித்தல் வேண்டும் என்றும், அதனால் விளைவதற்கு அவர்களே பொறுப்பு என்றும் 2024 டிசம்பரில் செபி தன் விதிகளைத் திருத்தியது. பதிவு பெற்ற ஆலோசகர் தவறினால் முறையிட ஓர் இடம் உண்டு. நாமே கைப்பேசியில் கேட்டு நாமே வாங்கினால் அந்தப் பொறுப்பு முழுவதும் நம்முடையதே. இயந்திரத்திற்கு இழப்பதற்கு ஒன்றுமில்லை. அதற்குத் தங்கையும் இல்லை, தங்கையின் படிப்பும் இல்லை.

பங்குச் சந்தையே சூதாட்டம் என்று கூறும் பெரியவர்களுக்கும் ஒரு சொல். தொழில் ஒன்றில் பங்கு வாங்கி, அதன் இலாப நட்டத்தில் உரியவராதல் வேறு. விலை ஏறுமா இறங்குமா என்று நாளுக்கு நாள் பந்தயம் கட்டுதல் வேறு. ‘ஃப்யூச்சர்ஸ்’, ‘ஆப்ஷன்ஸ்’ எனப்படும் ஒப்பந்தங்களில் ஈடுபட்ட தனிநபர்களுள் 100க்கு 93 பேர் 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்றாண்டுகளில் நட்டமே அடைந்தனர் என்றும், மொத்த நட்டம் ரூ.1.8 இலட்சம் கோடியைக் கடந்தது என்றும் செபியின் ஆய்வு கூறுகிறது. 2024-25இலும் 100க்கு 91 பேர் நட்டமடைந்தனர். பெரியவர்கள் அஞ்சுவது இதனையாயின் அவ்வச்சம் முற்றிலும் நியாயமானது. செயற்கை நுண்ணறிவின் துணையோடு இவ்வொப்பந்தங்களில் வெல்லலாம் என்று ஆசை காட்டுவோரை இளைஞர்கள் அணுகவே வேண்டா.

2012இல் பெருந்துறைப் பகுதியின் ஈமு கோழிப் பண்ணைகளை நம்பிப் பணம் இழந்த குடும்பங்களை நாம் அறிவோம். அன்று விளம்பரம் பேசியது. மக்கள் கேள்வி கேட்கவில்லை. இன்று நாம் கேட்கிறோம். இயந்திரம் விடை சொல்கிறது. கேட்டுவிட்டோம் என்ற நிறைவே நம்மை மயக்கிவிடக்கூடும்.

நாம் செய்யத்தக்கது

திருக்குறளில் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல், தெரிந்துதெளிதல் என்று ஐந்து அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஆராய்தலுக்கும் நம்புதலுக்கும் இடையே எத்தனை படிகள் உள்ளன என்பதை அவ்வரிசையே உணர்த்தும். பத்து நொடியில் அத்தனை படிகளையும் தாண்டிவிட முடியாது.

ஆதலின் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். ஆசிரியப் பெருமக்கள், வணிகவியல் துறையும் தமிழ்த்துறையும் இணைந்து, திங்களுக்கு ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையை மாணவரோடு அமர்ந்து படிக்கும் வகுப்பு ஒன்றை நூலகத்தில் தொடங்க வேண்டும். இயந்திரம் தரும் சுருக்கத்தையும் மூலத்தையும் அங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். சமுதாயப் பெரியோர்கள், வாட்ஸ்அப்பில் வரும் ‘ஹலால் பங்குப் பட்டியல்’களை நாளும் அளவுகோலும் குறிக்கப்படாதபோது மற்றவர்க்கு அனுப்பாதிருத்தல் வேண்டும். மாணவச் செல்வங்கள், குடும்பத்தின் தேவைக்கென ஒதுக்கிய பணத்தைத் தொடாமல், தாம் உழைத்து ஈட்டிய சிறு தொகையைக் கொண்டே இத்துறையைப் பயிலுதல் வேண்டும்.

அந்த மாணவர் இப்போது விடுமுறைகளில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் ஒரே ஒரு நிறுவனத்தின் பங்குகளை, மூன்றாண்டு அறிக்கைகளைப் படித்த பின்னர் வாங்கியிருக்கிறார். இலாபமா நட்டமா என்று நான் கேட்கவில்லை. தங்கைக்கென வைத்த ஓர் இலட்சம் அத்தாவிடமே இருக்கிறது. அவர் மண்டியில் இன்றும் ஒவ்வொரு மூட்டையிலும் குத்தூசி ஏறி இறங்கிய பின்னரே விலை பேசப்படுகிறது.